மினெர்வுவா திராட்சைக் கிராமங்களில் மவுண்டன் பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்குப் பிரான்சில் கார்கசோன் நகருக்கும் பெசியே நகருக்கும் நடுவே, வடக்கே 1,211 மீட்டர் உயரமுள்ள நோர் சிகரத்தைக் கொண்ட கருமலைத் தொடர். தெற்கே ‘மிதி’ (Midi) என்ற பெயருள்ள கால்வாய். இடையில் படிப்படியாக இறங்கும் சரிவுதான் மினெர்வுவா. இங்குள்ள மண்பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. திராட்சை விவசாயிகள் வேலைக்குப் போய்வரும் வழிகள். எங்கே ஓட்டலாம், எப்போது ஓட்டலாம், டயரை எது கிழிக்கிறது என்பதெல்லாம் அந்த விவசாயத்தைப் பொறுத்தே அமைகிறது.

எந்த வழியில் போவது? எத்தனை நாள் வேண்டும்?

நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கார்கசோனிலிருந்து கால்வாய்க் கரையோடு த்ரெப் வரை, அங்கிருந்து வடக்கே திரும்பி கோன்-மினெர்வுவா: 30 கி.மீ.க்குள்தான் வரும். இரண்டாம் நாள் மலையடிவாரக் கிராமங்களை ஒட்டி கிழக்கே: ஃபெலீன், லா லிவினியேர், சிரான், செஸ்ஸெரா, அசிலனே, கடைசியில் மினெர்வ். சுமார் 30 கி.மீ. மூன்றாம் நாள் ஏஞ், சேன்-ழான்-து-மினெர்வுவா வழியாக பீஸ்-மினெர்வுவா. தூரம் பார்த்தால் 25 கி.மீ. சொச்சம். ஆனால் சுண்ணாம்புப் பாறை மேட்டில் மணிக்கு 8 முதல் 10 கி.மீ. வேகமே கிடைக்கும். நான்காம் நாள் அர்ஜெலியே வந்து, மீண்டும் கால்வாயைப் பிடித்து பெசியே: 40 கி.மீ., ஏறக்குறைய முழுக்கச் சமதளம்.

இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் முதல் நாளையும் நான்காம் நாளையும் விட்டுவிடுங்கள். கால்வாய் அழகுதான், ஆனால் அதற்கு மவுண்டன் பைக் தேவையில்லை.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. அல்லது செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் முதல் வாரங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். மேட்டுப் பகுதியில் ஒதுங்க மரநிழல் இருக்காது, வெள்ளைப் பாறை வெப்பத்தை முகத்திலேயே திருப்பி அடிக்கும். நம்மூர் வெயிலில் வளர்ந்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வதுண்டு. இங்கே காற்று வறண்டது; வியர்வை உடனுக்குடன் ஆவியாவதால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்றே தெரியாது.

காற்றையும் கணக்கில் சேருங்கள். வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றை இங்கே ‘செர்ஸ்’ என்பார்கள். அது பலமாக அடிக்கும் நாளில் மேற்கு நோக்கி ஓட்டுவது வீண் உழைப்பு. மேலே சொன்ன வழி மேற்கிலிருந்து கிழக்காகப் போவது அதனால்தான். கடலிலிருந்து வரும் ‘மரேன்’ காற்று ஈரத்தைக் கொண்டுவரும். அது வீசினால் அடுத்து மழை இருக்கலாம்.

இலையுதிர்கால மழை சாதாரணமானதல்ல. 2018 அக்டோபரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் த்ரெப் ஊரே வெள்ளத்தில் மூழ்கியது. வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் பக்கமே போக வேண்டாம்.

எப்படிப்பட்ட சைக்கிள் வேண்டும்?

முன்பக்கம் 120 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள, பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ‘ஹார்ட்டெயில்’ போதும். கியரில் முன்னால் 30 அல்லது 32 பல், பின்னால் 10–51 இருந்தால் ஏற்றங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. பை கட்டிக்கொண்டு இறங்குவதானால் பிரேக் டிஸ்க் முன்னால் 180 மி.மீ. இருக்கட்டும்.

பணத்தையும் கவனத்தையும் டயரில் போடுங்கள். 2.35 அல்லது 2.4 அங்குல அகலம், பக்கச்சுவர் தடித்த வகை, கட்டாயம் ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாதது). 75 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் சரியாக இருக்கும், பின்னால் சுமை கட்டினால் இன்னும் 2 அல்லது 3 கூட்டுங்கள். பந்தயத்துக்கான மெல்லிய டயர்கள் இங்கே ஒரு நாள்கூடத் தாங்காமல் போகலாம்: சுண்ணாம்புக் கல் உடையும்போது கத்திபோல விளிம்பு வைத்து உடைகிறது. கிழக்கே சேன்-ஷினியான், ஃபோழேர் பக்கம் போனால் பலகை பலகையாகப் பிளக்கும் களிமண்பாறை. அது இன்னும் மோசம்.

டெரெய்லர் ஹேங்கர் (கியர் மாற்றும் டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்று உபரியாக, உங்கள் சைக்கிள் மாடலுக்கே உரியதாக, பையில் இருக்கட்டும். கிராமத்துக் கடையில் கிடைக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை கவாத்து நடக்கும் காலத்தில் வெட்டிய திராட்சைக் கொடிகள் பாதையோரம் கிடக்கும். விரல் தடிமன்தான், ஆனால் பின்சக்கரத்தில் ஏறிச் சுற்றினால் டெரெய்லரை முறித்துவிடும்.

பஞ்சர் அதிகம் ஆகுமா? எதனால்?

ஆகும். மூன்று முள்கள். மேட்டில் முழங்கால் உயரம் வளரும் கெர்மெஸ் ஓக் இலையின் முள் கையைக் கீறும்; டயரை ஒன்றும் செய்யாது. மஞ்சள் பூ பூக்கும் கலிகோத்தோம் புதரின் காய்ந்த முள், டயரின் மேற்பரப்பைத் துளைக்கும். மூன்றாவது, நமக்கு நன்றாகத் தெரிந்த நெருஞ்சி, அதே செடிதான். கோடையில் திராட்சை வரிசைகளின் ஓரத்திலும், டிராக்டர் திரும்பும் திடல்களிலும் தரையோடு படர்ந்திருக்கும். சைக்கிளைச் சாய்த்து வைத்துப் படம் எடுக்க எல்லோரும் ஒதுங்கும் இடம் சரியாக அதுதான்.

29 அங்குல டயர் ஒன்றுக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்துவிடும். ஊரில் எப்போதோ ஊற்றியதை நம்பி வராமல் கிளம்பும் முன் புதிதாக ஊற்றுங்கள். டயரில் குத்தி நிற்கும் நெருஞ்சியை உடனே பிடுங்க வேண்டாம். சக்கரத்தைச் சுற்றி அந்த இடத்தைக் கீழே கொண்டுவந்து, சீலன்ட் அங்கே தேங்கியபின் பிடுங்கினால் ஓட்டை தானாக அடைபடும்.

கல் கிழித்துவிட்டால் என்ன செய்வது?

சிறிய கிழிசலுக்கு ரப்பர் பிளக் போதும். பக்கச்சுவர் 1 செ.மீ.க்கு மேல் கிழிந்தால் ட்யூப்தான் வழி. டயரைக் கழற்றி, சீலன்டைத் துடைத்து, உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை, 5 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவில், கிழிசல்மேல் வையுங்கள். அது இல்லையென்றால் பற்பசை ட்யூபை வெட்டி மடித்து வைக்கலாம்.

ட்யூபை உள்ளே போடும் முன் டயரின் உட்புறத்தை முழுக்க விரலால் தடவிப் பாருங்கள், மெதுவாக. சீலன்ட் இத்தனை நாளும் மூடிவைத்திருந்த முள்முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்தாறு இருப்பது சாதாரணம். ஒன்றை விட்டாலும் புது ட்யூப் நூறு மீட்டர் தாண்டாது. இங்கே ஒரே பஞ்சருக்கு இரண்டு ட்யூபைத் தொலைப்பவர்கள் பெரும்பாலும் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

வழிக்குறிகளை எப்படிப் படிப்பது?

ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் சேர்ந்தது பிரெஞ்சு சைக்கிள் சம்மேளனத்தின் மவுண்டன் பைக் குறி. முக்கோணம் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். கூடவே சுற்றின் எண். எண்ணின் நிறம் கடினத்தைச் சொல்லும்: பச்சை மிக எளிது, நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். வெள்ளை-சிவப்புப் பட்டையும் மஞ்சள் பட்டையும் நடப்பவர்களுக்கான குறிகள். அந்த வழிகளில் தடைப்பலகை இல்லாத இடத்தில் ஓட்டலாம், ஆனால் நடப்பவருக்கே முன்னுரிமை. அவை படிக்கட்டில் போய் முடிவதும் உண்டு. பட்டைகள் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டால் அது தவறான வழி.

குறிகளை மட்டும் நம்பாதீர்கள். தோட்டத்தைப் பிடுங்கி மறுநடவு செய்யும்போது கம்பத்தோடு குறியும் போய்விடுகிறது. பிரெஞ்சு அரசின் வரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.னின் 1:25,000 வரைபடத்தை கைப்பேசியில் முன்பே இறக்கிவையுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது.

திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஓட்டலாமா?

கூடாது. வரிசைகளைச் சுற்றிப் போகும் பொதுப்பாதை வேறு, வரிசைக்குள் இருக்கும் நிலம் வேறு. அது தனியார் சொத்து. தனியார் நிலம் என்று தெளிவாகப் பலகை வைத்த இடத்தில் அனுமதியின்றி நுழைவது 2023 பிப்ரவரிச் சட்டத்தின்படி அபராதத்துக்குரியது. பலகை இல்லாவிட்டாலும் நுழையாமல் இருக்க நடைமுறைக் காரணங்கள் உண்டு. கொடியைத் தாங்கும் கம்பிகள் நெஞ்சு உயரத்தில் போகும். மாலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று மருந்து. மே முதல் ஜூலை வரை கந்தகமும் தாமிரமும் பிற மருந்துகளும் தெளிப்பார்கள், பெரும்பாலும் காற்று எழும் முன் அதிகாலையில். மருந்தின் வகையைப் பொறுத்து 6, 24, 48 மணி நேரம் வரை தோட்டத்துக்குள் வேலையாட்களே இறங்கக் கூடாது என்பது விதி. தெளிக்கும் டிராக்டரைக் கண்டால் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக விலகி நில்லுங்கள்.

ஆகஸ்ட் இறுதியில் அறுவடை தொடங்கும். பழம் சூடேறக் கூடாது என்று இயந்திரங்கள் நள்ளிரவுக்குப் பிறகே ஓடத் தொடங்கும். காலை பத்து மணி வரை டிராக்டர்கள் டிரெய்லரோடு கூட்டுறவு ஆலைக்கு விரையும். அவை சிந்திய சாறு வளைவுகளில் சோப்புபோல வழுக்கும். ‘ஒரு கொத்துதானே’ என்று பழத்தைப் பறிப்பதும் திருட்டுதான்.

வேட்டை, காட்டுத்தீ பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். காட்டுப்பன்றி வேட்டை பொதுவாக ஆகஸ்ட் நடுவில் தொடங்கி பிப்ரவரி இறுதிவரை நடக்கும். வார இறுதியிலும் புதன்கிழமையிலும் அதிகம். வழியில் வேட்டை நடக்கிறது என்ற பலகை இருந்தால், கேட்காமல் உள்ளே போகாதீர்கள். பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போடுங்கள். கறுப்பு உடையில் புதருக்குள் குனிந்து ஏறுபவர் தூரத்தில் பன்றியாகத் தெரிய வாய்ப்புண்டு.

தீ இன்னும் பெரிய விஷயம். 2025 ஆகஸ்ட் 5 அன்று தெற்கே கோர்பியேர் மலைப்பகுதியில், ரிபோத் ஊரருகே பிடித்த தீ சுமார் 16,000 ஹெக்டேரைத் தின்றது. விலை கட்டாமல் திராட்சையைப் பிடுங்கிவிட்டுத் தரிசாகப் போட்ட நிலங்களில் புதர் மண்டியது அதற்குத் துணைபோனதாக உள்ளூரில் பேசுகிறார்கள். பராமரிக்கப்படும் தோட்டத்தில் தீ பரவ எரிபொருள் குறைவு என்பது உண்மை. கோடையில் ஒவ்வொரு நாளும் மாவட்ட நிர்வாகம் தீ அபாய வரைபடம் வெளியிடும். அபாயம் மிகுந்த நாளில் காட்டுப்பாதைகள் மூடப்படும். முந்தின மாலையே பார்த்துவிட்டு வழியை முடிவு செய்யுங்கள்.

மினெர்வ் கிராமத்தில் என்ன பார்ப்பது?

செஸ், பிரியான் என்ற இரண்டு ஆறுகள் குடைந்த பள்ளங்களுக்கு நடுவே பாறைமுனையில் நிற்கும் ஊர். சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போங்கள். தெருக்கள் குறுகல், கல் தளம் சறுக்கும்.

1210 கோடையில் சிமோன் து மோன்ஃபோர் என்ற பிரபுவின் படை இதை முற்றுகையிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை மதவிரோதிகள் என்று முத்திரை குத்திய கதார் சமயத்தார் இங்கே அடைக்கலம் புகுந்திருந்தார்கள். எதிர்ப் பாறையில் நிறுத்திய ‘கெட்ட அண்டைவீட்டுக்காரி’ என்ற கல்லெறி பொறி, ஊரின் கிணற்றுக்கு இறங்கும் மூடுபாதையை நொறுக்கியது. ஏழு வாரத்தில் தண்ணீரின்றி ஊர் பணிந்தது. மதம் மாற மறுத்த சுமார் 140 பேர் தீயில் எரிக்கப்பட்டார்கள். கோட்டையில் மிஞ்சியது ‘கண்டேலா’ எனப்படும் எண்கோணக் கோபுரத்தின் ஒரு பகுதி மட்டுமே. அதன் அருகில் நின்று கீழே பள்ளத்தைப் பாருங்கள். அந்த ஆழத்தில் இருக்கும் ஒற்றைக் கிணற்றை நம்பிய ஊர் ஏன் விழுந்தது என்பது புரியும்.

கோடையில் செஸ் ஆறு தரைக்கடியில் மறைந்து படுகை வறண்டுவிடும். அப்போது ஆறு குடைந்த இயற்கைச் சுரங்கத்துக்குள் நடந்தே போகலாம். சைக்கிளை மேலே பூட்டிவிட்டு இறங்குங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் இறங்கவே வேண்டாம்.

பாதையோரக் கல்குடிசைகள் என்ன?

கப்பிதெல் என்பார்கள். காரை, சிமெண்ட் எதுவுமின்றி, கல்லின் மேல் கல்லைச் சற்றே உள்தள்ளி அடுக்கிக் கூரையை மூடியிருப்பார்கள். நிலத்தைத் திருத்தியபோது பொறுக்கிய கல்லை எங்காவது போட்டாக வேண்டும். அதுவே சுவரும் குடிசையும் ஆயிற்று. சிரான் ஊருக்கு மேலே, 14, 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ள சோந்தேய் மாதா சிற்றாலயத்தைச் சுற்றிப் பல உண்டு. காரையில்லாக் கல்கட்டுக் கலையை யுனெஸ்கோ 2018இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுவரின்மேல் சைக்கிளைச் சாய்க்காதீர்கள், ஏறி நிற்காதீர்கள். மேல்வரிசைக் கல் ஒன்று நகர்ந்தால் அடுத்த மழையில் பின்னாலிருக்கும் மண் தள்ளி, முழுச் சுவரும் சரியும்.

ஊருக்கு ஊர் அவ்வளவு பெரிய ஒயின் ஆலை ஏன்?

அர்ஜெலியே ஊரில் இதற்குப் பதில் இருக்கிறது. 1860களில் பிலோக்செரா என்ற வேர்ப்பூச்சி வந்து பிரான்சின் திராட்சையை அழித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மீண்டு வந்தபோது விளைச்சல் மிதமிஞ்சியது. போதாக்குறைக்குச் சர்க்கரைத் தண்ணீரில் செய்த போலி ஒயினும் அல்ஜீரிய ஒயினும் சந்தையை நிரப்பின. விலை படுத்துவிட்டது. 1907 மார்ச் 11 அன்று, காபிக்கடைக்காரரும் சிறு விவசாயியுமான மர்செலேன் அல்பேரின் பின்னால் 87 பேர் அர்ஜெலியேவிலிருந்து நர்போன் நகருக்கு நடந்தார்கள். ஜூன் 9இல் மோன்பெலியேவில் கூடியவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். நர்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. 17ஆம் காலாட்படையின் உள்ளூர் வீரர்கள் கலகம் செய்து பெசியேவுக்கு வந்தார்கள். ஜூன் 29இல் போலி ஒயினுக்கு எதிரான சட்டம் வந்தது.

விலையைத் தாங்களே பிடித்து நிறுத்த விவசாயிகள் ஒன்றுசேர்ந்து சேமிப்புத் தொட்டிகள் கட்டினார்கள். பெசியே அருகே மரோசான் ஊரில் 1901இலேயே முதல் கூட்டுறவு தொடங்கிவிட்டது. 1907க்குப் பிறகு அது ஊருக்கு ஊர் பரவியது. தேவாலயத்துக்குச் சமமான உயரத்தில் நிற்கும் அந்தக் கட்டடங்களில் சில மூடிக்கிடக்கின்றன. திறந்திருப்பவற்றின் முன் நிழலும், பெரும்பாலும் குழாயும் கிடைக்கும்.

வேறு எந்த இடங்களுக்கு வழியை நீட்டலாம்?

கோன்-மினெர்வுவாவின் சிவப்புப் பளிங்குக் குவாரிகளுக்குக் கட்டாயம் ஏறுங்கள். வெர்சாயிலுள்ள கிரான் திரியானோன் மாளிகையின் பளிங்கு இங்கிருந்து போனது. ரியூ-மினெர்வுவாவின் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஏழு பக்கம் கொண்ட நடுப்பகுதியுடையது, மிக அபூர்வம். ஏஞ் கிராமம் நத்தை ஓடுபோல் சுருண்டது. ஒரே தெரு சுற்றிச் சுற்றித் தேவாலயத்தில் முடியும்.

ஒயின் குடித்துவிட்டு ஓட்டலாமா?

காரோட்டிக்கு உள்ள அதே வரம்பு சைக்கிளுக்கும் உண்டு: லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். மீறினால் 135 யூரோ அபராதம், அளவு கூடினால் வழக்கு. சுவைக்கும் இடத்தில் துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள். துப்புவது மரியாதைக்குறைவு அல்ல, தொழில்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். இங்கத்திய சிவப்பு ஒயின் 14 சதவீதத்தைத் தொடும். அன்றைய ஓட்டம் முடிந்தபின் சுவைக்கப் போவதே நல்லது.

கரிஞான், சிரா, கிரெனாஷ் ஆகியவைதான் முக்கிய ரகங்கள். மினெர்வுவாவுக்கு 1985லும், லா லிவினியேருக்குத் தனியாக 1999லும் ஒயின் பெயர்ப் பாதுகாப்பு, அதாவது வேறு ஊர் ஒயினுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்ற உரிமை, கிடைத்தது. சேன்-ழான்-து-மினெர்வுவாவில் வெள்ளைக் கல்மண்ணில் விளையும் மஸ்கட் இனிப்பு ஒயின் வேறு ரகம். சிறு தோட்டக்காரர்களிடம் போகுமுன் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர் டிராக்டரில் இருப்பார்.

தண்ணீரும் சைவச் சாப்பாடும் கிடைக்குமா?

கோடையில் 3 லிட்டர் சுமந்து செல்லுங்கள். ஊர் நடுவிலுள்ள நீரூற்றில் ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கத் தகாது. பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் நம்புவது கல்லறைத் தோட்டத்துக் குழாயை. ஊர் ஓரத்தில் கட்டாயம் ஒன்று இருக்கும். எழுதியதைப் படித்துவிட்டுப் பிடியுங்கள்.

கடைகள் பகல் 12 மணிக்கு மூடினால் 3 அல்லது 4 மணிக்குத்தான் திறக்கும். திங்கட்கிழமை பல பேக்கரிகள் மூடியிருக்கும். பீஸ் ஊரின் ஒலிவ கூட்டுறவில் பிறை வடிவ லூக் ஒலிவக்காய் வாங்குங்கள். ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், தக்காளி சேர்ந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. கசூலே என்பது பீன்ஸ் குழம்பு என்று நினைத்துக் கேட்டுவிடாதீர்கள். வாத்தும் பன்றியும் இல்லாமல் அது இல்லை.

ரயிலில் சைக்கிளை ஏற்றுவது எப்படி?

அதிவேக ரயிலில் சக்கரங்களைக் கழற்றி, 130 செ.மீ.க்கு 90 செ.மீ. அளவுப் பையில் வைத்தால் சாமானாக ஏற்றலாம். 29 அங்குலச் சட்டம் இதற்குள் அடங்க ஹேண்டில்பாரைக் கழற்றித் திருப்ப வேண்டும், சீட் கம்பத்தை இறக்க வேண்டும். டெரெய்லரைக் கழற்றி, சட்டத்தின் உட்பக்கம் கட்டிவிடுங்கள். சக்கரம் இல்லாதபோது பிரேக் பிடியைத் தவறி அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஓர் அட்டைத்துண்டு செருகுங்கள். கார்கசோன், நர்போன், பெசியே மூன்றிலும் நிலையம் உண்டு. உள்ளூர் ரயில்களில் முழுசாக ஏற்றலாம், ஆனால் கொக்கிகள் சில மட்டுமே. கோடையில் காலை முதல் வண்டியைப் பிடியுங்கள்.

கால்வாய்க் கரை எப்படி?

பியேர்-போல் ரிக்கே 1666இல் தொடங்கி, அவர் இறந்தபின் 1681இல் முடிந்த 240 கி.மீ. கால்வாய். கரைப்பாதையில் பல இடங்களில் பிளேன் மரவேர்கள் எழும்பி மணிக்கட்டை உலுக்கும். 2006இல் இங்கே கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியிருக்கிறார்கள். நிழல் இருக்கும் என்று பழைய படங்களைப் பார்த்து நம்ப வேண்டாம். பெசியேவுக்கு முன் மல்பாஸ் குன்றைக் குடைந்த சுரங்கத்தருகே மேலேறி, மோந்தாதி ஏரிப்படுகையைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் வடித்த அந்த ஏரியின் வயல்கள் நடுவிலிருந்து சக்கர ஆரங்கள்போல் விரிகின்றன.

விபத்து நேர்ந்தால்?

112ஐ அழையுங்கள். இடத்தின் ஊர்ப்பெயரோடு கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லுங்கள். ஒரே பெயரில் பல தோட்டங்கள் இருப்பதால் தோட்டப் பெயரை மட்டும் சொன்னால் தேடி அலைவார்கள். மாலையில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். கடித்திருந்தால் உண்ணிக் கொக்கியால் மெல்லத் திருகி எடுங்கள்; எண்ணெயோ நெருப்போ வைக்கக் கூடாது. மருந்துக்கடையில் அந்தக் கொக்கி கிடைக்கும்.

வாங்கிய ஒயினை எப்படிக் கொண்டுபோவது?

நிரம்பிய ஒரு பாட்டில் 1.2 கிலோவுக்குக் குறையாது. முதுகுப்பையில் வைத்து விழுந்தால் கண்ணாடி முதுகில்தான் இறங்கும். கூட்டுறவு ஆலைகள் பலவும் பெட்டியாகக் கட்டி அனுப்பித் தருவார்கள். கோடையில் வேண்டாம், சூட்டில் ஒயின் கெடும், செப்டம்பருக்குப் பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.